மார்க்கோனி நட்ட கம்பங்கள்



வால்வு வானொலிக்காகக் கூரைமேல் இரண்டு கம்பு நட்டு, ஏரியல் கம்பி இழுத்துக் கட்டிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பார்கள். இந்த எண்ணத்தின் வேரைத் தேடிப் போனால், 1895இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகருக்கு அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில் போய் நிற்போம்.

அந்த வீட்டுப் பிள்ளை குலியெல்மோ மார்க்கோனிக்கு அப்போது 21 வயது. மின்பொறியிலிருந்து கிளம்பும் அலையைச் சில நூறு மீட்டருக்கு மேல் அனுப்ப அவரால் முடியவில்லை. கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்து, மறு முனையைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிப் பார்த்தார். அலை குன்றைத் தாண்டி 2 கிலோமீட்டருக்கும் அப்பால் போயிற்று. குன்றின் மறுபுறம் நின்ற அண்ணன் அல்ஃபோன்சோ, செய்தி வந்துவிட்டது என்பதைத் துப்பாக்கி வெடித்துத் தெரிவித்தார். ஏரியலின் வரலாற்றில் அந்த வெடிச்சத்தம் ஒரு திருப்புமுனை. உயரத்தை இரு மடங்காக்கினால் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்றும் அவர் கண்டுகொண்டார்.

கண்டதை அவர் கடைசிவரை இழுத்துப் பார்த்தார் என்பதே நம் கதை. அட்லாண்டிக் கடலைக் கடக்க வேண்டும் என்று, இங்கிலாந்தின் போல்டு என்னும் கடலோர ஊரில் 200 அடி உயரத்தில் 20 கம்பங்களை வட்டமாக நட்டார். 1901 செப்டம்பரில் அடித்த புயலில் அத்தனையும் சரிந்தன. மறுகரையில், அமெரிக்காவின் கேப் காட் முனையில் நட்டவையும் அடுத்த சில வாரங்களில் விழுந்தன. அவரோ அசரவில்லை. போல்டுவில் இரண்டு கம்பம் மட்டும் நட்டு, நடுவே விசிறிபோல் கம்பிகளைத் தொங்கவிட்டார். தாமே கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்து போய், ஏறக்குறைய 500 அடிக் கம்பியைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டார். 1901 டிசம்பர் 12 அன்று மூன்று புள்ளி ஒலி கேட்டதாக அறிவித்தார். கேட்டவர்கள் அவரும் உதவியாளர் கெம்ப்பும் மட்டுமே; பதிவு எதுவும் இல்லை. உண்மையிலேயே கேட்டதா என்று இன்றும் வல்லுநர்கள் விவாதிக்கிறார்கள். அந்த ஐயத்தைக் குறை சொல்ல முடியாது என்பதே நம் கருத்து. மார்க்கோனியும் அதை உணர்ந்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் 'பிலடெல்பியா' கப்பலில் போகும்போது, வந்த குறிகளைக் காகித நாடாவில் பதியவைத்து, கப்பல் தலைவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பயணத்தில் ஒரு புதிரும் கூடவே வந்தது. இரவில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் எட்டிய குறி, பகலில் 1,100 கிலோமீட்டர் அளவிலேயே மங்கிவிட்டது. பகலையும் வெல்ல அலையின் நீளத்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். அலை நீண்டால் அதற்கேற்ப ஏரியலும் பெருக்க வேண்டும், மின்சாரமும் அப்படியே. 1907இல் வணிகச் சேவை தொடங்கிய அயர்லாந்தின் கிளிஃப்டன் நிலையத்தில், சதுப்பு நிலத்துக் காய்ந்த மண்ணை வெட்டி எரித்து மின்சாரம் எடுத்தார்கள். ஒரு தந்திக்காக இவ்வளவு! உலகமே அவர் பின்னால் போயிற்று.

இதற்கிடையில், 200 மீட்டருக்குக் குறைவான அலைகள் எதற்கும் ஆகாதவை என்று கருதிய அமெரிக்க அரசு, 1912இல் அவற்றைப் பொழுதுபோக்கு ஆர்வலர்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஒதுக்கி எறியப்பட்ட கல்லின் கதை நமக்குப் புதிதல்லவே! 1923 நவம்பரில் பிரான்சின் லெயோன் தெலோயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெலும் 100 மீட்டர் அளவிலான அலையில், சொந்தமாக அமைத்த கருவிகளைக் கொண்டு கடல் கடந்து உரையாடினார்கள். வானத்தின் உயரே மின்னேற்றம் பெற்ற படலம் ஒன்று இந்தச் சிற்றலைகளை மடக்கிப் பூமிக்கே திருப்புகிறது. அப்படிப்பட்ட படலம் இருக்கக்கூடும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902லேயே சொல்லியிருந்தார்கள்.

மார்க்கோனியும் அதே ஆண்டு தம் 'எலெத்ரா' படகில் சிற்றலையைச் சோதித்துக்கொண்டிருந்தார். சிற்றலையின் சிறப்பு அதன் ஏரியலில் இருக்கிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். அதில் பாதி நீளக் கம்பியே நல்ல ஏரியல். 20 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் கம்பி போதும். கம்பி சிறிதானதால் பலவற்றை வரிசையாகத் தொங்கவிட்டு, பின்னால் இன்னொரு வரிசையைத் தடுப்பாக நிறுத்த முடிந்தது. விளக்குக்குப் பின்னால் கண்ணாடி வைப்பதுபோல, வலு முழுவதும் ஒரே திசையில் போயிற்று. மார்க்கோனியின் பொறியாளர் ஃபிராங்க்ளின் வடிவமைத்த இந்த முறைப்படிதான் 1927இல் புனேக்கு அருகே கட்கியிலும் தௌண்டிலும் நிலையங்கள் எழுந்து, இந்தியாவை இலண்டனோடு இணைத்தன.

நீள அலையை நோக்கி எல்லாரையும் நடத்திச் சென்றது தாமே என்றும், அது தவறான வழி என்றும், தேவைக்குப் பன்மடங்கு பெரிய நிலையங்களை அதனால் உலகம் கட்டியது என்றும் பின்னாளில் மார்க்கோனியே வெளிப்படையாகச் சொன்னார். நோபல் பரிசு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகு சொன்னது இது.

வத்திக்கானுக்கு வானொலி நிலையம் அமைக்கும் பொறுப்பைத் திருத்தந்தை 11ஆம் பயஸ் அவரிடமே ஒப்படைத்தார். அலைநீளங்கள் 19.84 மீட்டர், 50.26 மீட்டர். இரண்டும் சிற்றலை. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனி முதலில் சில சொற்கள் பேசி அறிமுகம் செய்தார். பின்னர் ஒலிவாங்கியின் முன் வந்த திருத்தந்தை, இலத்தீனில் உலகனைத்துக்கும் பேசினார்.