எலும்பு, மூட்டு, தசை மருத்துவம்: உரிமத் தேர்வுப் பாடம்

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியர்கள் இங்கே பதிவு பெறுவதற்கு எழுதும் எப்.எம்.ஜி.இ. தேர்வில் எலும்பு மருத்துவத்துக்குத் தனியாக ஒதுக்கப்பட்டவை 5 மதிப்பெண்கள். மொத்தம் 300, தேர்ச்சிக்கு 150. தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் இல்லை. 2002 முதல் நடக்கும் இத்தேர்வைத் தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. இதற்குப் பதிலாக வரவேண்டிய நெக்ஸ்ட் தேர்வுக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

ஐந்து மார்க்தானே என்று இப்பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது தப்புக்கணக்கு. நரம்பும் தசையும் உடற்கூறியலில் (17) வரும். மூட்டுவாதமும் கௌட்டும் பொது மருத்துவத்தில் (33), எலும்பு எக்ஸ்ரே கதிர்ப்படவியலில் (5), தொழில்சார் நோய்கள் சமூக மருத்துவத்தில் (30) கேட்கப்படும். ஒரே மணிக்கட்டைப் பற்றி நான்கு தலைப்புகளில் வினா வரலாம்.

இப்பாடத்துக்குரிய நோயாளிகளை திருநெல்வேலி மாவட்ட அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தேடிப்போக வேண்டியதில்லை. தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறார்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். தாமிரபரணிப் பாசன வயல்களில் நடவுக்குக் குனிந்த இடுப்பு மாலையில்தான் நிமிரும். ஊருக்கு ஊர் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. சுளகை மடியில் வைத்து, நனைத்த இலையை அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் வேலையில் கழுத்து குனிந்தே இருக்கும். கட்டைவிரலும் மணிக்கட்டும் ஓய்வதில்லை.

தேர்வில் அடிக்கடி வரும் நோயாளியும் இப்படிப்பட்டவர்தான். நடுவயதுப் பெண், கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்து எழுப்பிவிடுகிறது, கையை உதறினால் தேவலை. மீடியன் நரம்பு மணிக்கட்டில் நெருக்குண்ணும் கார்ப்பல் டனல் நோய் இது. சுண்டுவிரல் தப்பியிருக்கும், ஏனென்றால் அது அல்னர் நரம்பின் ஆட்சி. கட்டைவிரல் மேட்டின் தோலிலும் உணர்ச்சி குறையாது. அதற்கான கிளை அந்த டனலுக்கு முன்பே பிரிந்து மேலாகச் செல்கிறது. விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார். இதே நோயைத் தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், கர்ப்பம் ஆகியவற்றோடு இணைத்தும் கேட்பார்கள். மரத்துப்போகாமல் கட்டைவிரலின் அடியில் மட்டும் வலித்து, அதை மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுரீர் என்றால் அது டி குவெர்வெய்ன் நோய்.

தென்னையிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு முறிந்தவருக்கு முதுகெலும்பையும் படமெடுக்க வேண்டும். மேற்கை எலும்பின் நடுத்தண்டு முறிந்தால் ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போகலாம். இவற்றை ஒரே மாலையில் படித்துவிடலாம்.

நின்று படிக்க வேண்டியது இறுக்கக் கட்டிய கையைப் பற்றி. குழந்தை கையூன்றி விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறிகிறது; மூங்கில் சிம்பு வைத்து நாட்டுக்கட்டு போட்டு அழைத்து வருகிறார்கள். உள்ளே வீங்க இடமில்லாத தசையில் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும். எலும்பு முறிவின் அளவுக்கு மீறிய வலியும், மடங்கிய விரலை நாம் நீட்டும்போது குழந்தை அலறுவதும் முதல் அறிகுறிகள். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் எனும் இந்நிலையில் நாடி கடைசிவரை இருக்கலாம். விரல் வெளுத்து நாடி அடங்கும்வரை காத்திருந்தால், பிழைத்த கையும் வோல்க்மன் சுருக்கத்தில் கூர்நகம்போல் வளைந்து நிற்கும். கட்டை அடியோடு பிரிப்பது முதல் வேலை. வலி தணியாவிட்டால் தசையுறையைக் கீறித் திறக்க வேண்டும். அதற்காகத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதானாலும் கட்டைப் பிரித்துவிட்டே அனுப்ப வேண்டும். இல்லையேல் அங்கே போய்ச் சேரும்வரை அந்தத் தசைக்கு ரத்தம் கிடைக்காது.