பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி?

உயர்தரப் பரீட்சை வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நான் வைத்திருக்கும் கணினி திருத்தும் கடைக்கு ஒரே கேள்வியுடன் ஆட்கள் வருவார்கள். கடந்த முறை வந்தவர் முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருவர். கணவர் இறுதிப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருந்தாள். ஒரு சோடிக் காப்பைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

“தம்பி, கடையில ஐ7 தான் வாங்க வேணும் எண்டு சொல்லுறாங்கள். இதை அடைவு வைச்சா காணுமோ?”

“அக்கா, முதல்ல காப்பை உள்ள வையுங்கோ. பிள்ளைக்கு அது தேவையில்லை.”

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2015 இல் என் தங்கை கலைப்பீடத்துக்குப் போனபோது, கணினி தெரிந்தவன் என்ற பெருமையில் அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து, பெரிய திரையும் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டையும் உள்ள ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பாரம் மூன்று கிலோவுக்குக் கிட்ட. பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது. பற்றரி ஒரு மணித்தியாலமும் நிற்காது. அவள் விரிவுரைக்குக் கொப்பியுடனேயே போய்வந்தாள். அதில் செய்ததெல்லாம் கட்டுரை தட்டச்சுச் செய்ததும் விரிவுரைக் குறிப்புகளை வாசித்ததும்தான். வட்டி ஏறி, தவணை தவறி, சங்கிலி ஏலத்தில் போனது. இடப்பெயர்வு முழுவதும் அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரே நகை அது. அந்தப் பிழையை இன்னொரு வீடு செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவசரப்பட வேண்டாம்

அனுமதிக் கடிதம் வந்த கிழமையே வாங்கத் தேவையில்லை. முதல் சில வாரங்களுக்குக் கைத்தொலைபேசியும், நூலகத்திலும் பீடத்திலும் உள்ள கணினிகளும் பெரும்பாலும் போதும். அதற்குள் பிள்ளை மூத்த மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். எந்தெந்த மென்பொருள் பாவிக்கிறார்கள்? எந்த ஆண்டிலிருந்து அது தேவைப்படுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிச் செலவு குறையும்.

பாடநெறிக்கு ஏற்றது

கலை, முகாமைத்துவம், சட்டம், மருத்துவம் படிப்பவர்களுக்குத் தட்டச்சு, கணக்குத் தாள், காட்சியுரை, இணையம், சூம் வகுப்பு என்பனவே முக்கிய வேலைகள். 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. யும் உள்ள 14 அங்குலக் கணினி இவற்றை நன்றாகச் செய்யும். ஐ3 கூடப் போதும்.

கணினி விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு 16 ஜி.பி. நினைவகமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. யும் நல்லது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். முப்பரிமாண வரைபு வேலை அதிகம் என்றால் மட்டும் தனிக் கிராபிக்ஸ் அட்டை பற்றி யோசியுங்கள். அப்பிள் கணினியை யாராவது தருவதாகச் சொன்னாலும் முதலில் விசாரியுங்கள். சொலிட்வேர்க்ஸ் போன்ற பொறியியல் மென்பொருட்கள் விண்டோஸில் மட்டுமே இயங்குவன.

ஐ7 என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம்

ஐ3, ஐ5, ஐ7 என்பவை தரத்தின் ஒரு பக்கம் மட்டுமே. எந்தத் தலைமுறை என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 தலைமுறையைக் காட்டும். ஐ5-1135 என்றால் அது 11 ஆம் தலைமுறை. 2013 இல் வந்த 4 ஆம் தலைமுறை மடிக்கணினி ஐ7 ஐ விட 12 ஆம் தலைமுறை ஐ3 வேகமானது. ஆனால் ஐ7 என்ற ஒட்டியைக் காட்டிப் பழையதைக் கூடிய விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 முறையாக இயங்குவதற்குப் பொதுவாக இன்ரெல் 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்தியதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

பாவித்த கணினி வாங்கும்போது

வெளிநாட்டு நிறுவனங்கள் பாவித்துக் கழித்த கணினிகள் இங்கே விற்பனைக்கு வருகின்றன. உறுதியானவை, உதிரிப்பாகமும் கிடைக்கும். கையில் காசு குறைவென்றால் நான் இவற்றையே சொல்வேன். ஆனால் கடையிலேயே இவற்றைப் பாருங்கள்:

• பற்றரி அறிக்கையை விண்டோஸே எடுத்துத் தரும். புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். பாதிக்குக் கீழே என்றால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

• அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்டாலோ, பழைய நிறுவனத்தின் பெயர் வந்தாலோ வாங்காதீர்கள்.

• எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். கமரா, ஒலிவாங்கி, வைஃபை, திரையின் பிணைச்சல் ஆகியவற்றையும் பாருங்கள்.

• நினைவகத்தைப் பிறகு கூட்டலாமா என்று கேளுங்கள். சிலவற்றில் அது பலகையோடு ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது.

• உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பினால்

பிரான்சிலிருந்து வரும் கணினியின் விசைப்பலகையில் எழுத்துகள் வேறு ஒழுங்கில் இருக்கும். ஜேர்மனி, சுவிஸ் கணினிகளிலும் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். ஆங்கில விசைப்பலகை உள்ளதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கனடாவில் மின்னழுத்தம் வேறு. சார்ஜரில் 100-240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பயமில்லை, பிளக்குக்கு அடப்டர் மட்டும் போதும். அங்கு வாங்கியதன் உத்தரவாதம் பல வேளைகளில் இங்கே செல்லாது. ஆகவே காசாக அனுப்பினால் இங்கேயே வாங்குவது நல்லதா என்று மாமா, சித்தப்பாமாருடன் வெட்கப்படாமல் பேசுங்கள்.

மின்சாரம்

2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மேசைக் கணினி மலிவுதான், ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். விடுதிக்கும் அறைக்கும் மாறும் பிள்ளைக்குத் தூக்கிச் செல்லவும் முடியாது. மாரி காலத்தில் இடி முழங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி மின்னலில் பலகை எரிந்த கணினிகள் ஒவ்வொரு மாரிக்கும் என்னிடம் வருகின்றன.

பார்வையோ கையோ பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு

போரில் பார்வை இழந்த மாணவர்கள் விலையுயர்ந்த கருவி வாங்கத் தேவையில்லை. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். தமிழையும் வாசிக்கும். ஒரு கையால் தட்டச்சுச் செய்பவர்களுக்கு, இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவதற்குப் பதிலாக ஒவ்வொன்றாக அழுத்தும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. இவற்றைப் போட்டுத் தரும்படி கடையில் கேளுங்கள்.

மென்பொருளும் தமிழும்

திருட்டுப் பிரதி போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைரஸ் பெரும்பாலும் அந்த வழியால்தான் வருகிறது. லிப்ரே ஒபிஸ் இலவசம். பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்ததும், அதனுடன் என்னென்ன மென்பொருள் தருகிறார்கள் என்று பீடத்தில் விசாரியுங்கள். தமிழில் ஒப்படை எழுதுபவர்கள் பாமினியை விட்டு யுனிகோட்டுக்கு மாறிக்கொள்வது நல்லது. பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

கடன்

நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்டது போதும். வாரத் தவணைக்குக் கணினி வாங்காதீர்கள். மகாபொலப் பணத்தை நம்பித் தவணை போடவும் வேண்டாம். அது கைக்கு வரத் தாமதமாகலாம். சீட்டு விழும் வரை பொறுப்பதோ, பாவித்ததை வாங்கிப் பிறகு நினைவகம் கூட்டுவதோ நகையை அடைவு வைப்பதை விட நல்லது.

வாங்கியதும் முதல் வேலை

கணினி களவு போகலாம், உடையலாம். படிப்புக் கோப்புகளை ஒரு பென் டிரைவிலும் கூகுள் கணக்கிலும் எப்போதும் பிரதி எடுத்து வையுங்கள். கூகுள் 15 ஜி.பி. இடத்தை இலவசமாகத் தருகிறது. அதிலேயே வீட்டு ஆவணங்களையும் சேருங்கள். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பதுங்குகுழியில் தொலைந்த பிறகு ஒரு பிரதிக்காக நாங்கள் ஏறி இறங்கிய கந்தோர்கள் எத்தனை!

அந்தத் தாய் காப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். மகள் இரண்டு மாதம் தொலைபேசியுடன் சமாளித்தாள். பிறகு, சேர்த்த காசில் பாவித்த 8 ஆம் தலைமுறை ஐ5 ஒன்றை வாங்கி, 8 ஜி.பி. நினைவகம் போட்டுக் கொடுத்தேன். கடையிலேயே இருந்து அவள் முதலில் ஸ்கான் செய்தவை, தகப்பனைத் தேடித் தாய் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் அவருடைய ஒரே ஒரு படமும்தான்.