சிவித்தா தி பன்யோரேஜோ

சிவித்தா தி பன்யோரேஜோ நடு இத்தாலியின் லாட்சியோ மாநிலத்தில், வித்தெர்போ மாகாணத்தில் உள்ள மிகச் சிறிய மலையூர். ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 443 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் செங்குத்தாக இறங்கும் ஒரு பாறைத் திட்டின் உச்சியில் இருக்கிறது. நிர்வாகத்தில் இது அருகிலுள்ள பன்யோரேஜோ நகராட்சியைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கி வாழ்பவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இதுதான் தாய் ஊராக இருந்தது. இன்றைய பன்யோரேஜோ அதன் புறநகராக இருந்த ரோத்தா என்ற பகுதியிலிருந்து வளர்ந்தது.

இவ்வூரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அதன் அடியில் கிடக்கும் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இப்பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. அப்போது படிந்த சாம்பல் நிறக் களிமண் அடித்தளமாகக் கிடக்கிறது. பின்னர், மேற்கே இன்று பொல்சேனா ஏரி இருக்கும் வட்டாரத்தில் இயங்கிய வுல்சீனி எரிமலைகள் பல இலட்சம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சாம்பலைக் கொட்டின. அந்தச் சாம்பல் இறுகி, களிமண்ணுக்கு மேலே தடித்த பாறையானது. இத்தாலியர் ‘தூஃபோ’ என்று அழைப்பது இந்தப் பாறையைத்தான். கைக்கருவியால் குடையும் அளவுக்கு அது மென்மையானது. சுவராக எழுப்பினால் நூற்றாண்டுகள் நிற்கும். ஊரின் வீடுகளும் கோயிலும் மதிலும் இந்தக் கல்லால் ஆனவை.

சிக்கல் இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. திட்டின் இருபுறமும் ஓடும் ரியோ கியாரோ, ரியோ தோர்பிதோ என்னும் ஓடைகள் களிமண் சரிவின் காலை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மழைநீர் பாறையின் விரிசல்களில் இறங்கி, நீரை உள்ளே விடாத களிமண்ணை எட்டியதும் அங்கே தேங்கி அதை இளக்குகிறது. சரிவு நழுவும்போது மேலே உள்ள பாறை பிடிமானம் இழந்து செங்குத்தாகப் பிளக்கிறது. விளிம்பிலிருந்து பெரும் துண்டுகள் விழுகின்றன. விழுவது பாறை மட்டுமல்ல, அதன்மேல் நின்ற வீடும் தெருவும்கூட. இப்படி அரிபட்ட களிமண் பள்ளத்தாக்கு கத்திமுனை போன்ற வெளிறிய முகடுகளாக ஊரைச் சூழ்ந்து கிடக்கிறது. இம்முகடுகளுக்கு ‘கலாங்கி’ என்று பெயர். கூரிய கோபுரமாக நிற்கும் அவற்றில் ஒன்றை உள்ளூரார் பேராலயம் என்றே சொல்கிறார்கள்.

எதிரி ஏற முடியாத செங்குத்து என்பதால்தான் மக்கள் இங்கே குடியேறினார்கள். பண்டைய நடு இத்தாலிய மக்களான எட்ரஸ்கர்கள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தனர். அவர்கள் குடைந்த கல்லறைகளைப் பின்வந்தோர் திராட்சைமது நிலவறையாகவும், ஒலிவ எண்ணெய் ஆட்டும் இடமாகவும், புறாக்கூண்டாகவும் மாற்றிக்கொண்டனர். ஒரு கல்லறை இடைக்காலத்தில் சிறைச்சாலையாக இருந்து பிறகு தேவாலயமானது. ஊரின் அடிப்பாறையைத் துளைத்துப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் ‘புக்காயோனே’ என்ற சுரங்கவழியும் எட்ரஸ்கர் காலத்தது. ஒரே குகைக்கு இத்தனை வாழ்வு கிடைத்தது தூஃபோ எளிதில் குடையக்கூடிய கல் என்பதால்தான்.

திருத்தந்தை முதலாம் கிரகோரியின் காலத்தையொட்டி, அதாவது 600ஆம் ஆண்டுவாக்கில், இந்த இடம் பதிவுகளில் வருகிறது. பின்னர் ஆயரின் இருக்கையாக நிலைத்தது. இடைக்காலத்தில் அருகிலுள்ள ஓர்வியேத்தோ நகரின் மொனல்தெஸ்கி குடும்பம் இப்பகுதியில் ஆதிக்கம் செலுத்தியது. அவர்களை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்ததன் நினைவாகச் சாந்தா மரியா வாயிலில், மனிதத் தலைகளைப் பற்றிப் பிடித்த இரு கற்சிங்கங்கள் இருக்கின்றன. ஊருக்குள் நுழைய முறையான வழி இந்த வாயில் ஒன்றே.

சிவித்தாவின் பெயரை உலகறியச் செய்தவர் புனித பொனவெந்தூரா. அவர் பிறந்த ஆண்டை 1217 என்றும் 1221 என்றும் சொல்வர். குழந்தையாக நோயில் கிடந்தபோது அசிசி பிரான்சிசின் அருளால் பிழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பாரிசில் இறையியல் கற்பித்து, 1257இல் பிரான்சிஸ்கன் சபையின் தலைவரானார். பிரான்சிசின் வரலாற்றைச் சபையின் அதிகாரபூர்வ நூலாக எழுதியவரும் இவரே. 1273இல் கர்தினாலாகி, அடுத்த ஆண்டு லியோன் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே காலமானார். தாந்தே தமது காவியத்தின் சொர்க்கப் பகுதியில் அவரைப் பேசவைத்திருக்கிறார். 1482இல் புனிதர் பட்டமும் 1588இல் மறைவல்லுநர் பட்டமும் கிடைத்தன. அவர் பிறந்த வீடு பாறையோடு சரிந்துவிட்டது. இருந்த இடம் மட்டும் விளிம்பில் காட்டப்படுகிறது.

ஊரின் சரிவை இயற்கையின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியல்ல. 1695 ஜூன் மாதம் ஏற்பட்ட நிலநடுக்கம் ஊரை உலுக்கியது. ஊரை ரோத்தாவோடு இணைத்திருந்த குறுகிய நிலமுகடும் அரிப்பில் மெலிந்துகொண்டு வந்தது. அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் ஆயரும் ஆட்சியாளர்களும் ரோத்தாவுக்குக் குடிபெயர்ந்தனர். சான் தொனாத்தோ கோயில் பேராலயம் என்ற தகுதியை இழக்க, பன்யோரேஜோவின் சான் நிக்கோலா அந்தத் தகுதியைப் பெற்றது. அதிகாரம் போன வழியே வணிகமும் போயிற்று. உழவர் குடும்பங்கள் எஞ்சின. மக்கள் வெளியேறியதற்கு இந்த மாற்றமும் ஒரு பெரிய காரணம் என்று கொள்ள வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் நிலமுகட்டின் இடத்தைப் பாலம் எடுத்துக்கொண்டது. 1920களில் கட்டிய கற்பாலத்தை இரண்டாம் உலகப்போரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் வெடிவைத்துத் தகர்த்தன. இன்றுள்ள கான்கிரீட் நடைபாலம் 1965இல் முடிந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளம், கடைசியில் செங்குத்தான ஏற்றம். அதில் கார் செல்லாது. பன்யோரேஜோவைச் சேர்ந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி (1896–1968) இதை ‘சாகும் ஊர்’ என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரே இன்று விளம்பரமாகிவிட்டது. ஆனாலும் ஊர் மீண்டதற்கு உழைத்தவர்கள் உண்டு. ரீகாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அஸ்த்ரா சரீனா 1960களிலிருந்து இங்கே பாழடைந்த வீடுகளைப் பழைய முறை மாறாமல் செப்பனிட்டார். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துவந்து இங்கேயே தங்கிப் படிக்கவைத்தார். புறப்படிக்கட்டு கொண்ட இடைக்கால வீடுகள் பல இன்றும் நிற்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

சதுக்கத்தில் உள்ள சான் தொனாத்தோ கோயிலின் 15ஆம் நூற்றாண்டு மரச்சிலுவை ஊராரின் உயிர். பெரிய வெள்ளியன்று அதைப் பன்யோரேஜோ பவனிக்கு எடுத்துச் செல்வார்கள். நள்ளிரவுக்குள் திரும்பாவிட்டால் அது பன்யோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் அதே சதுக்கத்தில் ‘தோன்னா’ என்ற கழுதைப் பந்தயம் நடக்கும்.

2013இல் நகராட்சி ஊருக்குள் வர நுழைவுக் கட்டணம் விதித்தது. முதலில் ஒன்றரை யூரோ, பின்னர் உயர்ந்தது. பயணிகளின் எண்ணிக்கை குறையவில்லை. 2010களின் பிற்பகுதியில் ஆண்டுக்குப் பல இலட்சம் பேர் வந்தனர். அந்த வருவாயால் பன்யோரேஜோ மக்களின் உள்ளூர் வரிகள் நீக்கப்பட்டன. வீடுகள் விடுதிகளாக மாறுவதால் நிரந்தரக் குடிகள் திரும்பிவரும் வாய்ப்பு குறைகிறது என்பதும் உண்மை. கட்டணம் இதற்குத் தீர்வாகாது.

உலக நினைவுச்சின்ன நிதியம் 2006இல் சிவித்தாவை ஆபத்திலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அலெமான்னி மாளிகையில் உள்ள மண்ணியல், நிலச்சரிவு அருங்காட்சியகம் இந்தச் சரிவுகளின் வரலாற்றையும் தடுப்புப் பணிகளையும் விளக்குகிறது. விளிம்புப் பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்திப் பிணைக்கும் பணி நடந்திருக்கிறது. ஆனால் மேலே பாறையைக் கட்டினால் மட்டும் போதாது. கீழே ஓடைகள் களிமண்ணை அரிக்கும் வேகத்தைக் குறைப்பதும், மழைநீரை விரிசல்களுக்குள் இறங்கவிடாமல் வழிப்படுத்துவதும்தான் ஊரின் ஆயுளை நீட்டிக்கும். அந்த வேலை ஒருமுறை செய்து முடிப்பதல்ல, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் தொடர வேண்டியது.