அங்க அடையாளம் காட்டும் பூர்வீகம்

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பூர்வீக கிராமத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? சின்ன த்ரெட்.

1/ 1860 அக்டோபர்ல சென்னையில இருந்து 'ட்ரூரோ' கப்பல் கிளம்புச்சு. நவம்பர் 16 அன்னைக்கு 342 பேரோட டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. கரும்புத் தோட்டத்துல 5 வருஷ ஒப்பந்தக் கூலி. 1911 வரைக்கும் இந்தியாவுல இருந்து நேட்டாலுக்குப் போனவங்க சுமார் 1.5 லட்சம் பேர்.

2/ ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பதிவேட்டுல பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், கூடவே உடம்புல இருக்கிற தழும்பு. ஒரே பேர்ல பல முனுசாமிகள் இருப்பாங்க. ஆளைப் பிரிச்சுக் காட்டுறது அந்தத் தழும்புதான்.

3/ தேடுறவங்க முதல்ல தாத்தா பாட்டியோட பிறப்பு, திருமணச் சான்றிதழைப் பார்க்கணும். பலதுல காலனி எண் இருக்கும். அதை வச்சுப் பதிவேட்டுக்குப் போகலாம்.

4/ அடுத்த சிக்கல் ஊர்ப் பேர். காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதியிருப்பாங்க. 'ழ'வும் 'ற'வும் காணாமப் போயிருக்கும். 'வட ஆற்காடு'னு இருந்தா வேலூர், திருவண்ணாமலையோட நிறுத்தாதீங்க. 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாதான்.

5/ கூலியைக் கணக்கு வைக்க எழுதின ஏடு, இன்னைக்குப் பல குடும்பங்களுக்கு ஊரைக் காட்டுற ஒரே சாட்சி.

6/ கேஷுவாலிட்டில நாமளும் ரெண்டு அங்க அடையாளம் எழுதுறோம். டாக்டர் நண்பர்களே, அப்பா பேரையும் ஊரையும் புரியுற மாதிரி எழுதுங்க.