சிவப்பு, மஞ்சள், கருப்பு: ஒரு மனப்பாட விதியின் கதை



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. சிவப்பு, மஞ்சள், கருப்பு வளையம் போட்ட பவளப்பாம்பு. சிவப்பு வளையத்தை மஞ்சள் வளையம் ஒட்டியிருந்தால் விஷம், கருப்பு வளையம் ஒட்டியிருந்தால் விஷமில்லை, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று ஒரு குரல். ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, "இது சரியா தாத்தா?" என்று கேட்டாள். "ஓர் ஊரில் சரி, இன்னோர் ஊரில் தப்பு" என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். கடைசியில் என் பழைய மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய திருத்தம் ஒன்றும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பாம்பைப் பார்ப்போம். பவளப்பாம்பு அமெரிக்கக் கண்டங்களின் பாம்பு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி தொடங்கி அர்ஜென்டினா வரை 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அறிவியலில் மைக்ரூரஸ் என்று பெயர். 'குட்டை வால்' என்று பொருள். நம் நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்த அதே குடும்பம்தான். பெரும்பாலானவை ஒரு மீட்டர்கூட வராது. சருகுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் மறைந்து வாழும். மற்ற சின்னப் பாம்புகளைத்தான் அதிகம் தின்னும். தொந்தரவு செய்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு, வாலைச் சுருட்டித் தூக்கிக் காட்டும். வருகிறவன் வாலைத் தலை என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தானாக வந்து கடிக்கிற பாம்பு இல்லை. பிரேசிலில் பதிவாகும் பாம்புக்கடிகளில் இதன் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் கடித்தால் ஆபத்து. விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடும். கடித்த இடத்தில் பெரிய வீக்கம் இருக்காது. வலியும் சில சமயம் குறைவுதான். ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கும்போது, பல மணி நேரம் கழித்துக் கண் இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1848-இல் ஹென்றி பேட்ஸ், ஆல்ஃபிரட் வாலஸ் என்ற இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள் அமேசான் காட்டுக்குப் போனார்கள். வாலஸ் நான்கு ஆண்டில் திரும்பினார். பேட்ஸ் பதினோரு ஆண்டு அங்கேயே இருந்தார். பறவைகளுக்குப் பிடிக்காத கசப்பு வண்ணத்துப்பூச்சிகளைப் போலவே வேஷம் போட்டு, கசப்பில்லாத பூச்சிகளும் தப்பிக்கின்றன என்று பேட்ஸ் 1862-இல் எழுதினார். 1867-இல் வாலஸ் அதே கருத்தைப் பாம்புக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க வெப்ப நாடுகளில் விஷமுள்ள பவளப்பாம்பு எந்த வளையம் போட்டிருக்கிறதோ, அதே வளையத்தை விஷமில்லாத வேறு பாம்புகளும் போட்டிருக்கின்றன என்று எடுத்துக் காட்டினார்.

அழகான விளக்கம்தான். ஆனால் ஒரு கேள்வி இடித்தது. கசப்புப் பூச்சியைத் தின்ற பறவை துப்பிவிட்டு அடுத்த முறை நினைவு வைத்துக்கொள்ளும். பவளப்பாம்பிடம் கடி வாங்கிய பறவை செத்துப்போகுமே, அது எங்கே பாடம் கற்கும்? வகுப்பறைப் பாஷையில் சொன்னால், செத்த மாணவன் அடுத்த தேர்வு எழுத வரமாட்டான். இந்தக் கேள்வியை வைத்தே நூறு ஆண்டுக்கு மேல் விவாதம் ஓடியது. கொல்லாமல் நோகடிக்கும் மிதமான விஷப்பாம்புதான் உண்மையான ஆசிரியர், கொடிய பவளப்பாம்பே அதைப் பார்த்து வேஷம் போட்டிருக்கும் என்றுகூட ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் மெர்ட்டென்ஸ் 1956-இல் வாதிட்டார்.

1975-இல் ஒரு விடை வந்தது. சூசன் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் கோஸ்டா ரிகாவில் மாட்மாட் என்ற பறவையின் குஞ்சுகளைக் கையிலேயே வளர்த்தார். மீன்கொத்திக்குத் தூரத்துச் சொந்தமான பறவை அது. அந்தக் குஞ்சுகள் பாம்பையே பார்த்ததில்லை. மரக்குச்சிகளில் வண்ணம் அடித்து அவற்றின் முன் வைத்தார். பச்சையும் நீலமுமாக வளையம் போட்ட குச்சியைக் கொத்தின. மஞ்சளும் சிவப்பும் நீளவாக்கில் கோடாக இருந்த குச்சியையும் கொத்தின. ஆனால் அதே மஞ்சளும் சிவப்பும் வளையமாக இருந்தபோது கிட்டவே வராமல் ஒதுங்கிப் போயின. அதாவது யாரும் சொல்லிக் கொடுக்காமல், கடி வாங்காமல், பிறக்கும்போதே அந்தப் பயம் இருக்கிறது. ஏமாந்த பறவைகள் செத்து, ஒதுங்கிய பறவைகளின் சந்ததி மிஞ்சி, தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட பாடம் அது.

2001-இல் டேவிட் ஃபென்னிக்கும் அவரது குழுவினரும் இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்தார்கள். களிமண் போன்ற பிசினில் போலிப் பாம்புகள் செய்து அமெரிக்கக் காடுகளில் போட்டார்கள். உண்மையான பவளப்பாம்பு வாழும் பகுதியில், வளையம் போட்ட போலியை விலங்குகள் குறைவாகவே கடித்தன. பவளப்பாம்பே இல்லாத பகுதியில் அந்த வளையம் காப்பாற்றவில்லை. அந்த வளையத்துக்கு மரியாதை எல்லாம் உண்மையான பாம்பு பக்கத்தில் இருக்கும் ஊரில்தான்.

இப்போது என் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காணொளி சொன்ன விதி அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிறந்தது. அங்குள்ள பவளப்பாம்பில் சிவப்பை மஞ்சள் ஒட்டியிருக்கும், அதைப் போல வேஷமிடும் பாம்பில் சிவப்பைக் கருப்பு ஒட்டியிருக்கும். அந்த ஊருக்கு ஓரளவு சரி. அங்கேயும் நிறம் மாறிப் பிறக்கும் பாம்புகள் உண்டு. மெக்சிகோவைத் தாண்டித் தெற்கே போனால் விதி கவிழ்ந்துவிடும். அமேசான் பகுதியின் பல பவளப்பாம்புகளில் கருப்பு வளையங்கள் மும்மூன்றாக வரும். அங்கே சிவப்பை ஒட்டியிருப்பது கருப்புதான். விதியை நம்பிக் கையில் எடுத்தால் உயிர் போகும். சில இனங்களில் உடம்பில் சிவப்பு வளையமே கிடையாது.

விஷம் மட்டுமல்ல, மருந்தும் ஊர் பார்க்கும். அதைக் கண்டவர் பிரேசில் மருத்துவர் வீட்டல் பிரேசில். 1865-இல் பிறந்தவர். அப்பா வைத்த முழுப்பெயரிலேயே நாடு, மாநிலம், பிறந்த ஊர் மூன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், சைகோனில் நாகத்தின் விஷத்தை ஆராய்ந்து பிறகு பிரான்சில் விஷமுறிவு மருந்து தயாரித்தார். அது எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார்கள். வீட்டல் பிரேசில் தன் நாட்டுப் பாம்புகளின் விஷத்துக்கு அதைச் சோதித்துப் பார்த்தார். கேட்கவில்லை. அந்தந்தப் பாம்பின் விஷத்துக்கு அந்தந்த மருந்துதான் வேண்டும் என்று நிறுவினார். 1901-இல் சாவோ பாவுலோவில் தொடங்கிய புட்டான்டன் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான். இன்றும் அங்கே பவளப்பாம்புக் கடிக்கென்று தனி மருந்து தயாராகிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்த கார்ல் ஷ்மிட், பவளப்பாம்பு இனங்களைப் பிரித்து வகைப்படுத்துவதில் பல ஆண்டு உழைத்த பெரிய நிபுணர். 1957 செப்டம்பரில் அவ்வூர் விலங்குக் காட்சிசாலையிலிருந்து, இது என்ன பாம்பு என்று கேட்டு ஒரு குட்டிப் பாம்பை அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங். கையில் எடுத்தபோது கட்டை விரலில் கடித்தது. குட்டிதானே, ஒரு பல்தானே ஆழமாகப் பதிந்தது என்று அவரும் நண்பர்களும் பெரிதாக நினைக்கவில்லை. தனக்கு நேர்வதை மணிக்கணக்கோடு குறிப்பெழுதி வந்தார். மறுநாள் உள்ளே இரத்தம் கசிந்து இறந்துபோனார். அவருக்கு வயது 67. பாம்பைப் பற்றி அவருக்குத் தெரியாததை நமக்கு யார் சொல்லிவிட முடியும்? ஆனாலும் தன் அனுபவத்தில் பழகாத ஊர்ப் பாம்பிடம் ஏமாந்தார்.

இப்போது என் திருத்தம்.

பல ஆண்டுகள் உங்களுக்கு நான் வகுப்பில் சொன்னது நினைவிருக்கும். கடித்த இடத்தில் இரண்டு பல் தடம் இருந்தால் விஷப்பாம்பு, வரிசையாகச் சின்னத் தடங்கள் இருந்தால் விஷமில்லாதது. கரும்பலகையில் படம் வரைந்து, மனப்பாடம் செய்ய வைத்து, மதிப்பெண்ணும் போட்டேன். கயிற்றை இறுக்கிக் கட்டு, கீறி இரத்தத்தை வெளியேற்று என்றும் சொன்னேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன். ஆனாலும் தப்பு தப்புதான்.

கட்டுவிரியன் கடித்தால் தடமே தெரியாமல் போவதுண்டு. இரவில் பாயில் படுத்தவர் கடித்தது தெரியாமலே தூங்கி, விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்து, இமை சரிந்து இறந்தது நம் ஊர்களில் நடந்திருக்கிறது. பவளப்பாம்பு செய்யும் அதே வேலைதான். கட்டுவிரியனைப் போலவே வளையம் போட்ட, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் நம் வீட்டுச் சுவரில் ஏறுகிறது. அமேசான் நாடகம் நம் கொல்லையிலும் நடக்கிறது. நம் நாட்டுக்கும் சொந்தப் பவளப்பாம்புகள் உண்டு. மெலிந்த பழுப்பு உடம்பு, கருந்தலை, அடிவயிறு மட்டும் பவளச் சிவப்பு. காணொளியில் வந்த வளையத்தை அதில் தேடினால் கிடைக்காது. நம் மருத்துவமனைகளில் உள்ள மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான் செய்யப்பட்டது.

ஆகவே பழைய பாடத்தை அழித்துவிடுங்கள். புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். தடத்தையும் நிறத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி இல்லையே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

மாட்மாட் பறவைக்கு அதன் பாடம் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. நமக்கு ஒருவர் சொல்லித்தான் வர வேண்டும். சொல்லிக் கொடுத்தவன் தப்பாகச் சொல்லியிருந்தால், அவனே திருத்திச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்தவர்கள் இன்று பலர் பெற்றோர், சிலர் ஆசிரியர். உங்கள் பிள்ளைகளுக்கு என் பழைய பாடத்தைச் சொல்லியிருந்தால், இன்று இரவே உட்கார வைத்து மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்