கல்லில் பிறந்த பலூன்

போன பள்ளி விடுமுறையில் காஹாங்கில் அக்கா மகனுக்குப் பிறந்தநாள். குளுவாங்கிலிருந்து வாங்கிவந்த பலூன்களில் ஒன்று அவன் கையைவிட்டு நழுவி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைகளைத் தாண்டி ஏறிப் போய்விட்டது. பையன் அழவில்லை.

"மாமா, அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஹீலியம்."

"அது எங்கேர்ந்து வருது?"

நான் டியூஷன் எடுப்பவன். பதில் நாக்கிலேயே இருந்தது. "சூரியன்லேர்ந்து. கிரேக்கத்துல ஹீலியோஸ்னா சூரியன். குண்டூர்ல கிரகணம் பாத்தப்போ ஜான்சென்ங்கிற பிரெஞ்சுக்காரரு கண்டுபிடிச்சாரு."

இரண்டும் தவறு என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவனுக்கு நான் தரவேண்டிய திருத்தம் இது.

முதலில் கிரகணம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணத்தின் நிழல் இந்தியாவைக் கடந்தது. குண்டூரில் ஜான்சென் இருந்தார். மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வுக் கூடத்தின் நார்மன் போக்சன் இருந்தார். வனபர்த்தியில் அதே கூடத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்திருந்தார். நிழல் அங்கிருந்து சயாமுக்குப் போனது. கிரகணத்தைத் தானே கணித்திருந்த மன்னர் மோங்குட், அதைப் பார்க்க நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஓர்டையும் கடற்கரைக்கு அழைத்திருந்தார். அங்கே தொற்றிய மலேரியாவில் அக்டோபர் 1 அன்று மன்னர் இறந்தார்.

சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டவற்றில் ஒரு மஞ்சள் கோடும் இருந்தது. பெரும்பாலோர் அதைச் சோடியத்தின் கோடு என்றே எடுத்துக்கொண்டார்கள். அது சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்ற ஐயத்தைத் தன் அறிக்கையில் விட்டுவைத்தவர் போக்சன். மதராஸில் அச்சான அந்த அறிக்கை ஐரோப்பாவில் பரவலாகப் போய்ச் சேரவில்லை. ஜான்சென் செய்தது வேறு: கிரகணம் இல்லாமலேயே சூரியச் சுடர்களைப் பார்க்கலாம் என்று மறுநாள் காட்டினார். அக்டோபரில் லண்டனில் நார்மன் லாக்யர் அதையே தனியாகச் செய்து, மஞ்சள் கோடு சோடியம் இல்லை என்று உறுதிப்படுத்தினார். ஹீலியம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பாடப்புத்தகங்கள் இந்த எல்லாவற்றையும் ஒரே வரியாகச் சுருக்கி ஜான்சென் பெயரில் எழுதிவிட்டன. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் பிமன் நாத் 2013இல் வெளியிட்ட நூல் இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டுகிறது. போக்சன் 1891இல் இறந்தார். பூமியில் ஹீலியம் கிடைத்ததோ 1895இல்தான்.

அது கிடைத்த இடம்தான் என் இரண்டாவது தவறு. வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த கிளீவைட் என்ற கனிமத்தை அமிலத்தில் போட்டபோது வந்த வாயுவில் அதே மஞ்சள் கோடு தெரிந்தது. சூரியனில் பார்த்தது கல்லுக்குள் எப்படி வந்தது? ரதர்ஃபோர்டின் கூட்டம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விடை சொன்னது: யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் ஆல்ஃபா துகள்தான் ஹீலியத்தின் கரு.

தோரியம் நமக்குத் தூரமான பொருள் இல்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டாக இருக்கிறது. மலேசிய ஈயச் சுரங்கங்களில் ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் 'அமாங்' மணலிலும் அதே மோனசைட். குளுவாங், காஹாங் பக்கத்து குனோங் பெலுமுட்டின் கிரானைட்டிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் உண்டு. என் தாத்தா பால்மரம் வெட்டிய நிலத்துக்கு அடியிலும் ஹீலியம் பிறந்துகொண்டே இருக்கிறது.

பலூனில் அடைப்பது இப்படிப் பாறையில் பிறந்து, இயற்கை எரிவாயுவோடு தேங்கி, கத்தாரிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்படும் வாயு. பலூன் வெடித்ததும் அது காற்றில் கலந்துவிடும். ஆனால் மிக லேசானது என்பதால் பூமியால் அதைப் பிடித்துவைக்க முடியாது. கடைசியில் விண்வெளிக்குப் போய்விடும். காற்றில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்குதான் ஹீலியம் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆர்கான் கனமானது, ஓடாது. நாம் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 0.93 சதவீதம் அதுதான். பெரும்பகுதி பாறையிலிருந்த பொட்டாசியம்-40 சிதைந்து உண்டானது. பூமியின் உட்புறம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாயுவை வெளியே விட்டுவந்ததற்கு ஒவ்வொரு மூச்சிலும் சாட்சி இருக்கிறது. நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் ஆகியவற்றிலும் பெரும்பங்கு எரிமலைகள் வழியாக வந்தது. ஆக்சிஜன் மட்டும் பிற்பாடு உயிர்கள் சேர்த்தது.

இவ்வளவு படித்தபிறகு, பையனிடம் சொன்னது முழுப் பொய் என்றே நினைத்தேன். பிறகு 1969 வந்தது. தென் பசிபிக்கின் ஆழ்நீரில் கிளார்க், பெக், கிரேக் மூவரும் ஹீலியம்-3 எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டு சோவியத் ஆய்வாளர்கள் குரில் தீவுகளின் எரிமலை வாயுக்களிலும் கண்டார்கள். யுரேனியமும் தோரியமும் சிதைந்தால் வருவது ஹீலியம்-4. இந்த ஹீலியம்-3 அப்படிப் பிறந்ததல்ல. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவானபோது, சூரியனும் எந்த வாயுவிலிருந்து உருவானதோ அதிலிருந்து உள்ளே மாட்டிக்கொண்டது. ஹவாயிலும் ஐஸ்லாந்திலும் எரிமலைகள் அதை இன்னும் வெளியே விடுகின்றன. பூமி தன் பழைய மூச்சை இன்னும் முழுசாக விட்டு முடிக்கவில்லை.

ஆக, சூரியனின் உறவு உண்மைதான். பலூனில் மட்டும் அது ஏறக்குறைய இல்லை.

போன வாரம் டியூஷன் பலகையில் ஜான்செனுக்குப் பக்கத்தில் போக்சன், லாக்யர், ரகுநாதாச்சாரி என்று எழுதினேன். பிள்ளைகள் "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்றார்கள். வராது என்றேன்.

பிறகு அக்கா வீட்டுக்கு போன் போட்டேன். "தம்பி, மாமா தப்பா சொல்லிட்டேன். அது சூரியன்லேர்ந்து வரல, கல்லுலேர்ந்து வந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப அன்னைக்கு மேல போனது கல்லா மாமா?"

ஆமாம் என்று சொன்னேன்.