உப்பு, முத்து, யானை

வரலாற்று நூல்கள் மன்னர்களின் வமிசத்தையும் முடிசூட்டு விழாவையும் கூறும். அம்முடிக்கான பொன் எங்கிருந்து வந்தது என்று கூறுதல் அரிது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளைப் பற்றி நாம் கேள்வியுற்ற கதைகளும் பெரும்பாலும் இத்தகையனவே. ஆகவே ஓர் அந்நியனைச் சாட்சிக்கு அழைப்போம்.

மொராக்கோ நாட்டு யாத்திரிகனாகிய இபின் பதூதா 1344இல் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டான். எட்டாண்டுகளின் பின், 1352இல், ஒட்டகச் சாத்துடன் சகாராவைக் கடந்து மாலி நாட்டை அடைந்தான். இரு அரசுகளையும் ஒரே கண்கள் பார்த்தன.

பாலைவனத்தின் நடுவே தகாசா என்னும் ஊர். அங்கு மரமில்லை, பயிரில்லை. உப்புப் பாளங்களால் சுவர். ஒட்டகத் தோலால் கூரை. உப்பைத் தோண்டியவர்கள் அடிமைகள். அவர்கள் உண்ட பேரீச்சம்பழமும் தானியமும் வெளியிலிருந்து வரவேண்டும். வலாத்தாவில் எட்டு, பத்து மிஸ்கால் பொன்னுக்கு விலைபோன ஓர் ஒட்டகச் சுமை உப்பு, மாலித் தலைநகரில் இருபது முப்பதுக்கும், சில வேளை நாற்பதுக்கும் விற்றது. நம் பழைய உமணர் கண்டிருந்தால் வாய்பிளந்திருப்பர்!

மாலிக்கு முன் அப்பாதையை ஆண்டது கானா. பொன் விளைந்த நிலமோ தெற்கே கிடந்தது. உப்பு வடக்கே கிடந்தது. இடையில் இருந்த அரசன், உள்ளே வரும் கழுதைச் சுமை உப்புக்கு ஒரு தினாரும், வெளியே போகும் சுமைக்கு இரண்டு தினாரும் வாங்கினான் என்று 1068இல் அல் பக்ரி எழுதினார். அரசு பிறந்தது சுரங்கத்திலன்று, சுங்கத்திலே.

இனி நமது கரைக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை, மலையில்லை. யானை வன்னிக் காட்டினது. முத்து மன்னார்க் கடலினது. இங்கிருந்தவை துறைகள். அத்துறைகளின் மதிப்பை முன்னரே அறிந்தவன் பராக்கிரமபாகு. நயினாதீவில் அவன் பொறித்த பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பரதேசியர் ஊராத்துறைக்கே வரவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொன்று அரசுக்கு, எஞ்சியது உடையவனுக்கு. சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. உடைந்த மரக்கலத்திலும் பங்கு! கானாவின் ஒரு தினாரும் இரண்டு தினாரும் இதற்கு அண்ணன் தம்பி முறை.

பின்வந்த நல்லூர் அரசு இக்கடல்வாயிலைக் கைக்கொண்டே தழைத்தது. சக்கரவர்த்தியின் கப்பல்கள் சிறிதும் பெரிதுமாக நூறு, சோழமண்டலக் கரையில் நின்றதைத் தான் பார்த்ததாக இபின் பதூதா கூறுகிறான். பாரசீகம் அறிந்த அம்மன்னன், அதிகாரிகள் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்க, இத்தகைய முத்தை வேறெங்கேனும் கண்டதுண்டோ என வினவினான். இல்லையென்ற விருந்தினனுக்குச் சிலவற்றை எடுத்துக் கொடுத்தான்.

கல்லைத் துணையாகக் கொண்டு ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கியவனைப் பற்றி அவ்விருவரும் பேசியதாகக் குறிப்பில்லை. தகாசாவின் அடிமையையாவது யாத்திரிகன் ஒரு வரியில் எழுதினான். அவனே 1353இல் ஊர் திரும்பிய சாத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் நடந்தனர்.

1619இல் போர்த்துக்கேயர் நல்லூர் அரசை வீழ்த்தினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து யானைகள் முன்போலவே துறைக்கு ஓட்டப்பட்டன. முத்துக் குளிப்பவன் முன்போலவே கல்லோடு இறங்கினான்.